கமாண்டர் கையெழுத்து

இந்திய தேசிய ராணுவத்தின் தளபதிகள் எழுதிய நூல்களைச் சேர்த்து வருகிறேன். சுபாஷ் ரெஜிமென்ட்டை நடத்திய ஷா நவாஸ் கானின் 1946 நினைவுகள், படையை முதலில் கட்டிய மோகன் சிங்கின் 1974 நூல், 1945 பிப்ரவரியில் ஐராவதிக் கரையில் நின்ற தில்லானின் 1998 சுயசரிதை. ஆசிரியர் கையெழுத்துள்ள பிரதி வந்தால் உடனே சொல்லும்படி பழைய புத்தகக் கடைக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கையெழுத்து இருந்தால் விலை எங்கோ போய்விடும். இருந்தும் வாங்குகிறேன். படைக்கு உத்தரவு போட்ட கை எழுதியதல்லவா!

எழுபதுகளில் திருத்துறைப்பூண்டியில் இதே கையெழுத்துகளை வேறு ஆட்கள் தேடினார்கள். 1972-இல் மத்திய அரசு தியாகிகள் பென்ஷன் கொண்டுவந்தது. தாலுகா ஆபீஸ் பக்கம் மனு எழுதிக்கொண்டிருந்த அப்பாவிடம் மலேயாக்காரர்கள் வந்து உட்காருவார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறி ரப்பர் தோட்டத்துக்குப் போய், 1943-இல் நேதாஜி சிங்கப்பூர் வந்ததும் பால்வெட்டும் கத்தியைப் போட்டுவிட்டுத் துப்பாக்கி பிடித்தவர்கள். பிரிட்டிஷ் படையில் இருந்தவர்களில்லை. அதனால் அரசாங்கத்திடம் பழைய சர்வீஸ் பதிவும் கிடையாது. சிறையிலிருந்ததற்குக் காகிதம் இல்லாவிட்டால் உடனிருந்த கைதியின் சான்று வேண்டும். அந்தக் கைதியும் தன் சிறைவாசத்தை நிரூபித்தவராக இருக்கவேண்டும்.

"எங்க கமாண்டருக்கு ஒரு லெட்டர் போடுங்க தம்பி. ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும்" என்பார் ஒருவர். எந்த ரெஜிமென்ட், எங்கே பிடிபட்டீர்கள் என்று அப்பா கேட்டால், ஊர் பெயர் வராது. ஆற்றைச் சொல்வார், மழையைச் சொல்வார். ஹிந்துஸ்தானி டிரில் உத்தரவுகள் மட்டும் வரிசை தப்பாமல் வரும். கடைசியில் இடது பெருவிரலை மையில் ஒற்றி, மூன்று நகலிலும் பதிப்பார். விரல் நடுங்கினால் ரேகை கலைந்துவிடும்; அப்பா மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார்.

தளபதிகளின் நூல்களில் அதிகாரிகள் பெயரோடு வருகிறார்கள். தோட்டத்திலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் கூட்டமாகவே வருகிறார்கள். தளபதிகளைக் குறை சொல்லவில்லை. ஆயிரக்கணக்கானவர்களில் யாரையென்று எழுதுவது? ஆனால் அந்த மனுக்களில் ஒவ்வொருவருக்கும் பெயர், தகப்பனார் பெயர், கிராமம், சேர்ந்த முகாம் எல்லாம் இருந்தன. பென்ஷனுக்காக எழுதியதுதான், எனக்கு அதுவும் ரெஜிமென்ட் வரலாறே. அப்பா வைத்திருந்த கார்பன் நகல்களை இப்போது ஒவ்வொன்றாக எழுதி எடுக்கிறேன். மை மங்கிவிட்டது, பல பெயர்கள் பிடிபடவில்லை.

அன்றைய தஞ்சாவூர் மாவட்டம் இன்று பல மாவட்டங்கள். வேதாரண்யமோ மன்னார்குடியோ, யார் வீட்டுப் பரணிலாவது இப்படி ஒரு மனு நகலோ நிராகரிப்புக் கடிதமோ கிடந்தால், பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு போட்டோ எடுத்தாவது வையுங்கள்.