ஊர் கூடி சைக்கிள் மிதிப்பது எப்படி?

முதலில் டீ-ஷர்ட். சைக்கிள், பாதை, ஆட்கள் எல்லாம் அப்புறம். முன்பக்கம் ‘பசுமை’ என்ற சொல் எங்காவது வர வேண்டும். பின்பக்கம் முழுக்க ஸ்பான்சர்கள். கார் கம்பெனிக்காரர் பணம் கொடுக்க முன்வந்தால் முகம் சுளிக்காதீர்கள்.

அடுத்து வாட்ஸ்அப் குழு. ஞாயிறு காலை 5.30 மணிக்கு பெசன்ட் நகர் கடற்கரையில் கூடுகிறோம் என்று போட்டால் நூறு கட்டைவிரல்கள் உயரும். விரல் உயர்த்தியவரெல்லாம் எழுந்து வருவார் என்று நம்பி இட்லி சொல்லிவிட வேண்டாம்.

பாதையை டிபன்தான் தீர்மானிக்கும். திருவான்மியூர், நீலாங்கரை, முட்டுக்காடு பாலம் தாண்டி கோவளம். 25 கிலோமீட்டருக்கு மேல் வரும். பொங்கலோடு இரண்டாவது வடைக்கும் மனசாட்சி இடம் கொடுக்கும் தூரம்.

கார் நிறுத்த இடம் பாருங்கள், இதுதான் முக்கியம். சைக்கிள் ஓட்ட வருகிறவர்கள் வண்டியைக் கார் கூரையில் கட்டிக்கொண்டுதான் வருவார்கள். பக்கத்து அடையாறிலிருந்து வருபவரும் அப்படியே.

கொடியசைக்கும் சிறப்பு விருந்தினர் ஏழு மணிக்குத்தான் வருவார். அவருக்கென ஒரு சைக்கிளின் சீட்டை நன்றாக இறக்கி வைத்திருங்கள். பத்து மீட்டர் மிதிப்பார். அதற்குள் போட்டோகிராபர் வேலையை முடித்துவிட வேண்டும்.

யாராவது மைக்கைப் பிடித்துப் புதுக்கோட்டையை இழுக்கக்கூடும். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின்போது அங்கே ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே பலர் விரும்பினார்கள், பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே என்று. அவர்கள் விழா முடிந்த மறுநாளும் ஓட்டினார்கள். நமக்குப் பொருந்தாத உதாரணம். பேச்சாளரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வழியில் கேரியரில் டீ கேன் கட்டியவர், பேப்பர் போடும் பையன், நைட் டியூட்டி முடிந்து வீடு திரும்பும் செக்யூரிட்டி என்று சிலர் உங்களை முந்திப் போவார்கள். பதற வேண்டாம், அவர்கள் சைக்கிளிஸ்ட் இல்லை. வேலை பார்ப்பவர்கள், நம் கணக்கில் வர மாட்டார்கள். அரசு கொடுத்த இலவச சைக்கிளோடு ப்ளஸ் ஒன் பிள்ளைகள் வந்து நின்றால்தான் கொஞ்சம் சங்கடம். பதிவுக் கட்டணம் 500 ரூபாய் என்று போட்டுவிடுங்கள், தீர்ந்தது.

பஞ்சருக்கும் தயாராக இருங்கள். லட்ச ரூபாய் சைக்கிளில் ஊசி மாதிரி மெல்லிய பிரெஸ்டா வால்வு இருக்கும். தெருமுனைக் கடை பம்ப் அதில் உட்காராது. தம்மாத்தூண்டு அடாப்டர் ஒன்று போதும். விலை மிகவும் குறைவு, அதனாலேயே யாரும் வாங்கி வைத்திருக்க மாட்டார்கள்.

திரும்பி மிதிப்பது திட்டத்தில் கிடையாது. டிபன் முடிவதற்குள் டிரைவர்கள் கார்களைக் கோவளத்துக்கே கொண்டுவந்துவிடுவார்கள். கூரையில் இடம் கிடைக்காத சைக்கிள்களுக்கு ஒரு குட்டியானை பேசி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்று வண்டிக்காரர் கூடுதலாகக் கேட்பார். டீ-ஷர்ட் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள்.