புகைபோக்கிக்கு வந்த வாழ்வு

லண்டன், பாட்டர்சீ மின்நிலையத்தின் நான்கு புகைபோக்கிகளும் உளுத்துப்போயின. உள்ளிருந்த கம்பி துருப்பிடித்து கான்கிரீட் வெடித்துவிட்டது. அதற்காக அவற்றைக் கைவிட்டார்களா? 2014 முதல் 2017 வரை பாடுபட்டு, நான்கையும் இறக்கிவிட்டு, அதே உயரத்தில், அதே வடிவத்தில், அதே வெளிர்நிறத்தில் திரும்பக் கட்டினார்கள். 1983க்குப் பிறகு அவற்றின் வழியே நிலக்கரிப் புகை வந்ததில்லை. இனி வரப்போவதுமில்லை. இருந்தாலும் பாரம்பரியம் பாருங்கள், ஓர் அங்குலம் குறையலாமா?

அதே 2017இல், அதே வளாகத்துக்காக ஒப்புக்கொண்டிருந்த 636 மலிவு விலை வீடுகளில் 250 குறைக்கப்பட்டன. செலவு ஏறிவிட்டதாம், தொழில்நுட்பச் சிக்கலாம். வாண்ட்ஸ்வொர்த் நகரமன்றமும் தலையாட்டியது. பின்னாளில் லாபம் போதுமான அளவு வந்தால் அந்த வீடுகளைப் பற்றி மறுபடி யோசிக்கலாம் என்று ஒரு ஆறுதல் வரி சேர்த்தார்கள். வந்தால். போதுமான அளவு. யோசிக்கலாம். இப்படி ஒரு ‘யோசிக்கலாம்’ போட்டுப் புகைபோக்கியை மட்டும் ஏன் தள்ளிவைக்கவில்லை என்று கேட்டுவிடாதீர்கள். புகைபோக்கி விளம்பரத்துக்கு உதவும். ஏழை உதவமாட்டான்.

1930களில் எழுந்த கட்டடம் இது. நான்காவது புகைபோக்கியும் நின்று முழுமை பெற்றது 1955இல். கப்பலில் வந்த நிலக்கரியைத் தின்று, ஒரு காலத்தில் லண்டனுக்கு வேண்டிய மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் கொடுத்தது. 1975இல் பாதி நின்றது, 1983இல் மீதியும் நின்றது. அதற்குப் பிறகுதான் அதன் உண்மையான உழைப்பே ஆரம்பம்: சும்மா நின்றே சம்பாதிப்பது.

முதலில் வந்தவர் ஜான் புரூம், ஆல்டன் டவர்ஸ் கேளிக்கைப் பூங்காவின் முதலாளி. கொதிகலன் கூடத்தில் ராட்டினம் சுற்றும் என்றார். 1987இல் 15 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார். அடுத்த ஆண்டு பிரதமர் மார்கரெட் தாட்சரே வந்து வேலையைத் தொடங்கிவைத்தார். கூரையைக் கழற்றி இயந்திரங்களை வெளியே எடுத்தார்கள். 1989 மார்ச்சில் காசு தீர்ந்தது. ராட்டினமும் வரவில்லை, கூரையும் திரும்பவில்லை. பாதுகாக்கப்பட்ட பாரம்பரியச் சின்னம் மழையில் நனைந்து கிடந்தது. அதே கட்டடத்தின் ஓரத்தில் ஒரு தொழிலாளி குடிசை போட்டிருந்தால் மறுநாளே நோட்டீஸ் வந்திருக்கும்.

1993இல் விலை ஒரு கோடி பவுண்டு. 2006இல், சுற்றியிருந்த நிலத்தோடு சேர்த்து, 40 கோடி. இடையில் நடந்ததெல்லாம் திட்ட வரைபடங்கள், மாதிரிப் பொம்மைகள், பத்திரிகையாளர் சந்திப்புகள். 40 கோடிக்கு வாங்கியவர்களும் 2011இல் கடனில் மூழ்கினார்கள். கூரையில்லாத வீட்டுக்கு வாடகைதான் கிடைக்காது, விலை கிடைக்கும்.

2012இல் மலேசியர்கள் வந்தார்கள். எஸ்.பி. செத்தியா 40 விழுக்காடு, சைம் டார்பி 40 விழுக்காடு, ஈபிஎஃப் என்னும் ஊழியர் சேமநிதி வாரியம் 20 விழுக்காடு. தமிழ் வாசகர் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சைம் டார்பி 1910இல் மலாக்காவில் ரப்பரை நம்பித் தொடங்கிய கம்பெனி. மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால் வெட்டியது யார், லயத்து வீட்டில் காலம் தள்ளியது யார் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பின்னாளில் எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் கோல்ஃப் திடல்களாகவும் மாறின. வேலை போனால் லயத்து வீடும் போகும், அதுதான் அங்கே சட்டம். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் ஆலைக்கும் கடைக்கும் வேலைக்குப் போனார்கள். அவர்கள் சம்பளத்தில் 11 விழுக்காடு மாதாமாதம் ஈபிஎஃப்புக்குப் போகிறது. அங்கிருந்து ஒரு துளி தேம்ஸ் கரைக்கும் வந்து சேர்ந்தது. ரப்பர் மரத்தைக்கூட ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் வெட்டுவார்கள்.

2013 ஜூலையில் தொடக்கவிழா. அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரனும் மலேசியப் பிரதமர் நஜிப் ரசாக்கும் சேர்ந்து நின்று சிரித்தார்கள். கட்டடம் பொதுமக்களுக்குத் திறந்தது 2022 அக்டோபரில். அதற்குள் கேமரன் பிரெக்சிட்டில் பதவியைத் தொலைத்திருந்தார். நஜிப் இரண்டு மாதம் முன்பு, ஆகஸ்டில், ஓர் ஊழல் வழக்கில் காஜாங் சிறைக்குப் போயிருந்தார். கட்டடத்துக்கு மட்டும் ராசி நல்ல ராசி.

உள்ளே என்ன இருக்கிறது? டர்பைன் சுழன்ற கூடங்களில் துணிக்கடையும் வாசனைத் திரவியக் கடையும். மேலே ஆப்பிள் அலுவலகம். 1950களின் கட்டுப்பாட்டறையில் மதுக்கூடம்: பழைய அளவுமானிகளும் நெம்புகோல்களும் துடைத்துப் பளபளவென்று நிற்க, அவற்றுக்கு நடுவே காக்டெயில். ஒரு காலத்தில் அந்த முள்ளைக் கண்கொட்டாமல் பார்ப்பது ஒருவனின் இரவுப் பணி. தவறினால் நகரம் இருண்டுவிடும். இன்று அது செல்ஃபிக்குப் பின்னணி. வடமேற்குப் புகைபோக்கிக்குள் கண்ணாடி லிஃப்ட், பெயர் ‘லிஃப்ட் 109’. டிக்கெட் வாங்கினால் 109 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிப்போய் லண்டனைக் காட்டுவார்கள். கரிப்புகை போன வழியில் இப்போது காசு போகிறது. கடைத்தெருவுக்கு ‘எலக்ட்ரிக் புலவார்டு’ என்று பெயர். நிலக்கரி அள்ளியவன் பெயரில் தெரு வைத்தால் வாடகை இறங்கிவிடுமோ என்னவோ.

பழைய கட்டடத்தை இடிக்காமல் காப்பாற்றியது நல்ல காரியம்தானே என்பார்கள். நல்ல காரியம்தான். செங்கல்லைக் காப்பாற்றியதில் எனக்கும் மகிழ்ச்சியே. செங்கல்லுக்குக் கிடைத்த வழக்கறிஞர்களும் நிபுணர்களும் அந்த 250 வீடுகளுக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். திட்டமிட்ட மொத்த வீடுகள் 4,239. மிஞ்சிய மலிவு விலை வீடுகள் 386. நூற்றுக்கு ஒன்பது. அவையும் ஆற்றங்கரையில் இல்லை. சாலைக்கு அந்தப்பக்கம், ஸ்லீஃபோர்டு தெருவில்.

மின்நிலையக் கட்டடத்தையே ஈபிஎஃப்பும் பிஎன்பி என்ற இன்னொரு மலேசிய நிதியமும் சுமார் 160 கோடி பவுண்டுக்கு வாங்கியிருக்கின்றன. ஆகவே மலேசிய வாசகரே, அந்தக் கட்டடத்தில் உங்களுக்கும் ஒரு செங்கல் உண்டு. அடுத்த முறை ஈபிஎஃப் கணக்கறிக்கை கைக்கு வரும்போது லாப ஈவு எவ்வளவு என்று மட்டும் பார்த்து மூடிவைக்காதீர்கள். பாட்டர்சீயில் எவ்வளவு போட்டீர்கள், எவ்வளவு வந்தது, அதே பணத்தில் நம் ஊரில் எத்தனை மலிவு விலை வீடு கட்டியிருக்கலாம் என்று எழுதிக் கேளுங்கள். பணம் உங்களுடையது.