ஒத்தையா ரெட்டையா: ஒரு சாஸ்திர விசாரணை

கணித சாஸ்திரத்தின் தலைவாசல் கூட்டல் வாய்பாடே என்று பாடசாலைகள் சாதித்துவந்தபோதிலும், அவ்வாசல் உண்மையில் ஆச்சியின் மூடிய கைதான் என்பது தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவர் எவருக்கும் தெரியும். திண்ணையில் கால் நீட்டி அமர்ந்து, புளி கொட்டையெடுத்து மீந்த குவியலிலிருந்து ஒரு பிடி அள்ளி மறைத்து, “ஏட்டி, ஒத்தையா ரெட்டையா?” என்று அவள் வினவுகையில், இருபதுக்கு மேல் எண்ணத் தெரியாத பேத்தியும் தயக்கமின்றி விடை பகர்கிறாள்.

பிடி விரிந்ததும் கொட்டைகள் தரையில் இரண்டிரண்டாக ஜோடி சேர்க்கப்படுகின்றன; துணையின்றி ஒன்று நின்றால் ஒத்தை. மொத்தம் பதினேழா பத்தொன்பதா என்று இருவரும் கேட்பதேயில்லை. எண்ணாமலேயே எண்ணின் குணத்தை நிர்ணயிக்கும் இவ்வுபாயத்தைக் கைவிட்டு, கடைசி இலக்கம் 0, 2, 4, 6, 8 ஆனால் இரட்டை என்று பிள்ளைகளை நெட்டுருப் போடவைப்பது, வாலை மட்டும் பார்த்து மாட்டுக்கு விலை பேசுவதற்கு ஒப்பாகும் என்பது இக்கட்டுரையாளனின் தாழ்மையான, ஆயினும் பிடிவாதமான, அபிப்பிராயம்.

ரோமாபுரிச் சக்கரவர்த்தி அகஸ்டஸ், விருந்தினர் பகடையோ ஒற்றை இரட்டையோ ஆட விரும்பினால் உதவட்டுமென்று ஆளுக்கு 250 தெனாரியஸ் கொடுத்ததாகச் சரித்திராசிரியர் சூட்டோனியஸ் எழுதிவைத்திருக்கிறார். ஆச்சிகள் எவரும் காசு கொடுத்ததாகத் தகவல் இல்லை.

ஆயினும் தாமிரபரணிப் பிரதேசமே மாணாக்கரைக் குழப்பவல்லது. நெல்லையும் பாளையங்கோட்டையும் இரட்டை நகரங்கள். அவற்றைச் சேர்க்கும் 1843ஆம் ஆண்டுச் சுலோசன முதலியார் பாலத்துக்கோ வளைவுகள் 11. நவதிருப்பதி ஒன்பது, ஆகவே ஒத்தை. ஆனால் அவற்றுள் தொலைவில்லிமங்கலத்தின் இரு கோயில்கள், இரட்டைத் திருப்பதி என்ற நாமத்தையும் சூடிக்கொண்டு, 108 திவ்ய தேசக் கணக்கில் ஒன்றாகவே எண்ணப்படுவதால், அங்கே எட்டாகி ரெட்டையாகிவிடுகின்றன. நடந்து சேவித்த காலுக்கு ஒத்தை, பட்டியல் படித்த கண்ணுக்கு ரெட்டை.

எஞ்சியிருப்பது வெறுங்கைப் பிரச்சினை. ஆச்சி சில சமயம் ஒன்றுமே எடுக்காமல் கையை மூடிக்கொள்வதுண்டு. சூனியத்தை இரண்டாக வகுத்தால் மீதம் இல்லையாதலால் அதுவும் இரட்டையே என்பது கணிதர் சித்தாந்தம். “இது கள்ளாட்டம் ஆச்சி!” என்பது பேத்தியின் சித்தாந்தம். அடுத்த ஆட்டத்தில் அவள் ரெட்டை என்று சொல்லி, ஜோடிகளுக்கு அப்பால் ஒன்று தனித்து நிற்கக் கண்டதும், அதைச் சட்டென்று எடுத்துக் கன்னத்துள் அடக்கிக்கொண்டு, குழறிய குரலில் கூறுகிறாள்: “இப்பப் பாரு, ரெட்டைதான்.”