சுதி சேராத சனிக்கிழமை

சென்னீர்குப்பத்தில் பார் உண்டு, பேண்டும் உண்டு. இரண்டுக்கும் இடையேதான் பேச்சுவார்த்தை கிடையாது. பாகப்பிரிவினையில் முறைத்துக்கொண்ட பங்காளிகள் மாதிரி ஒரே ரோட்டில் எதிரும் புதிருமாகக் குடியிருக்கிறார்கள். ஒருத்தர் வாசலை ஒருத்தர் மிதிப்பதில்லை.

இது தெரியாமல்தான் பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா பையன், ஆவணி முதல் வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி வந்து இறங்கி, தோள் பையைக்கூடக் கழற்றாமல் கேட்டான்: "மாமா, வீக்கெண்ட்ல இங்க லைவ் பேண்ட் எங்க கேக்கலாம்?"

"கேக்காம இருக்கறதுக்குத்தான்டா இங்க இடம் தேடணும்" என்றேன்.

அவனுக்கு விளங்கவில்லை. அவன் குடியிருக்கும் இந்திரா நகர் பக்கம் வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் தெருமுனை பப்பில் நாலு பையன்கள் கிட்டாரை மாட்டிக்கொண்டு வந்துவிடுவார்களாம். ஒரு கிளாஸ் பீரை முன்னால் வைத்துக்கொண்டு ராத்திரி வரை கேட்டுக்கொண்டிருக்கலாமாம். ஆவடி ரோட்டில் ஷேர் ஆட்டோவில் வரும்போதே கண்ணை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறான். டைல்ஸ் கடை, பல் ஆஸ்பத்திரி, பிரியாணிக் கடை, கல்யாண மண்டபம், மறுபடியும் பிரியாணிக் கடை. பப் என்று ஒன்று தட்டுப்படவில்லை.

எப்படித் தட்டுப்படும்? 1937-இல் ராஜாஜி சேலத்தில் ஆரம்பித்த மதுவிலக்கு 1948-இல் மாகாணம் முழுக்க வந்தது. 1971-இல் கருணாநிதி திறந்தார், 1974-இல் அவரே மூடினார். 1981-இல் எம்.ஜி.ஆர். திறந்தார், 1983-இல் டாஸ்மாக் பிறந்தது, 2003-இல் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கு வந்தன. சனங்கள் நிம்மதியாக உட்கார்ந்து பழகுவதற்குள் கதவு மூடித் திறந்து, மூடித் திறந்து, கடைசியில் சர்க்காரே கல்லாவில் உட்கார்ந்துவிட்டது. கடையை ஒட்டி ஒரு பார். அதை விட்டால் நட்சத்திர ஹோட்டலுக்கு எஃப்.எல்.3 உரிமம், கிளப்புக்கு எஃப்.எல்.2. நடுவில் தெருமுனை பப் என்கிற சாதிக்கு ரேஷன் கார்டே கிடையாது.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், மதுவிலக்கு கறாராக இருந்த அறுபதுகளில்தான் தமிழ் சினிமாவில் பாருக்கும் பேண்டுக்கும் பொற்காலம். ஊருக்குள் பெர்மிட் இல்லாமல் ஒரு சொட்டு இறங்காது. கோடம்பாக்கத்து ஃப்ளோரில் மட்டும் பளபளக்கும் ஹோட்டல் செட், வளைந்த கவுண்டர், கோட்டு போட்ட சாக்ஸபோன்காரர், பாங்கோஸ், மாடிப்படியில் புகைவிடும் வில்லன். அந்தக் கிளப் டான்ஸ் பாட்டுகளில் பலவற்றுக்குக் குரல் எல்.ஆர். ஈஸ்வரி. அதே ஈஸ்வரிதான் பிற்பாடு அம்மன் பாட்டுக்கும் குரலானார்; ஆடி பிறந்தால் எங்கள் தெருவில் காலை அஞ்சரைக்கு அவர்தான் எழுப்புகிறார். கேபரேயையும் கூழையும் ஒரே தொண்டையில் வைத்திருந்தவர் எனக்குத் தெரிந்து வேறு யாரும் இல்லை.

பையன் விடுவதாக இல்லை. நுங்கம்பாக்கம் பக்கம் ஒரு பெரிய ஹோட்டலுக்குப் போன் போட்டான். சனிக்கிழமை பேண்ட் உண்டாம், ஆனால் கப்பிள் என்ட்ரி மட்டும்தானாம். நானும் அவனும் எந்தக் கோணத்தில் நின்று பார்த்தாலும் கப்பிள் ஆக மாட்டோம். "அத்தையைக் கூட்டிட்டுப் போலாமா மாமா?" என்று மெதுவாகக் கேட்டான். அவன் அத்தை சமையலறையிலிருந்தே கேட்டாள்: "போலாம். அப்ப உங்க ரெண்டு பேர்ல யாரு வெளிய நிக்கறது?"

அத்தோடு நுங்கம்பாக்கம் முடிந்தது.

மெட்ராஸில் பேண்டுக்குப் பஞ்சம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இளையராஜாவும் கங்கை அமரனும் சினிமாவுக்கு முன்னால் எஸ்.பி.பி.யின் மெல்லிசைக் குழுவில் வாசித்தவர்கள். அன்னக்கிளி வந்தது 1976-இல்தான். ரஹ்மான் இங்கே 'நெமிசிஸ் அவென்யூ' என்று ராக் பேண்ட் வைத்திருந்தார். 2018 ஜனவரியில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கீழ்ப்பாக்கத்தில் மேடையேறியபோது, கானாவையும் ராப்பையும் ராக்கையும் சேர்த்து 19 பேர் நின்றார்கள். அதுவும் திறந்தவெளி மேடைதான். இந்த ஊர் பேண்டுக்காரர்கள் கல்யாணத்தில் வாசிப்பார்கள், கட்சிக் கூட்டத்தில் வாசிப்பார்கள், கோயிலில் வாசிப்பார்கள். பாரில்தான் இடம் கிடைக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் தெரிந்தவர் வீட்டு ரிசப்ஷன். ஆடி முழுக்கப் பூட்டிக் கிடந்த மண்டபம், சீரியல் லைட்டெல்லாம் போட்டுக்கொண்டு முழித்திருந்தது. பெரிய மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும். பக்கவாட்டுக் குட்டி மேடையில் ஆர்கெஸ்ட்ரா: கீபோர்டு, டிரம்ஸ், தபேலா, பேஸ் கிட்டார், பேட், ரெண்டு ஆண் குரல், ஒரு பெண் குரல். லைட் மியூசிக் என்று யாரோ பெயர் வைத்திருக்கிறார்கள். ஸ்பீக்கர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவராக இருக்காது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல் என்கிறது 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதி. இங்கே தாம்பூலப் பையை மடியில் வைத்தால் உள்ளே இருக்கிற தேங்காய் அதிர்கிறது. ஒரு பெரியவர் என் காதோரம் வந்து ஏதோ கத்தினார். "சாப்டாச்சுங்க" என்று நானும் கத்தினேன். அவர் என் அப்பா காலமானதைப் பற்றி விசாரித்திருக்கிறார் என்பது சாப்பாட்டுப் பந்தியில்தான் தெரிந்தது.

வழக்கம்போலப் பிள்ளையார் பாட்டில் ஆரம்பித்து, பக்தி ரெண்டு, பழசு நாலு என்று வண்டி டாப் கியருக்குப் போனது. டி.எம்.எஸ். குரலுக்கு ஐம்பது தாண்டிய ஒருவர், சஃபாரி சூட்டில். எஸ்.பி.பி. குரல் இளைஞர், பாலு சார் சிரிக்கிற இடத்தில் கரெக்டாகச் சிரித்தார். பேமென்ட் இன்னும் பேசி முடியாத முகத்தோடு அப்படிச் சிரிப்பது லேசுப்பட்ட வித்தை இல்லை.

நான் பேட்காரரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆக்டோபேட் என்கிற அந்தச் சாமானை ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி 1985-இல் கொண்டுவந்தது. எட்டு ரப்பர் சதுரம், ரெண்டு குச்சி. அதிலிருந்து தவில் வருகிறது, உறுமி வருகிறது, சலங்கை வருகிறது, கண்ணாடி உடைகிறது. கண்டுபிடித்த ஜப்பான்காரருக்கு அது கடைசியில் ஆவடி ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் உறுமியாகப் போகும் என்று தெரிந்திருக்க நியாயமில்லை. நம்மவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஒரு சரணத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் போனை எடுத்து யாருக்கோ பதில் மெசேஜ் தட்டிவிட்டு, உறுமி விழவேண்டிய இடத்தில் உறுமியைக் கொண்டுவந்து இறக்கினார். ஒரு மாத்திரை முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை.

விருப்பப் பாட்டுச் சீட்டுகள் வர ஆரம்பித்தன. பெண்ணோடு காலேஜில் படித்த பையன்கள் உட்கார்ந்திருந்த வரிசையிலிருந்து ஒரு காதல் தோல்விப் பாட்டுக்குச் சீட்டு. கீபோர்டுக்காரர் படித்தார், மேடையை ஒரு தடவை பார்த்தார், சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "அந்தப் பாட்டுக்கு ட்ராக் இல்லீங்க" என்று மைக்கில் அறிவித்தார்.

"ட்ராக் இல்லாம வாசிக்கத்தானே மாமா இத்தனை பேரு?" என்றான் அக்கா பையன்.

"தொழில் தெரிஞ்சவர்டா அவரு."

"பேண்ட் ஓக்கே. பார்?"

"பார்க்கிங்ல பாரு."

ரிசப்ஷனில் ஒரு கட்டத்துக்கு மேல் ஆண்கள் ரெண்டு ரெண்டு பேராக, "வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தணும்" என்று எழுந்து போவதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். எங்கள் பக்கத்தில் பேண்டுக்கு மிக அருகில் இருக்கும் பார், ஏதாவது ஒரு காரின் டிக்கிதான். பேப்பர் கப், மிக்சர் பொட்டலம், தாம்பாளத்திலிருந்து வந்த ஆப்பிள் துண்டு. போன வண்டியெல்லாம் நகர்ந்ததோ இல்லையோ, போனவர்கள் திரும்பி வந்து ஆர்கெஸ்ட்ராவுக்கு முன்னால் நகர ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா நேராக மைக்குக்கே போய், 1982-இல் வந்த சகலகலா வல்லவன் படத்துப் புத்தாண்டுப் பாட்டைக் கேட்டார். ஆவணி மாசம். அதற்கு மட்டும் ட்ராக் இருந்தது போலிருக்கிறது, உடனே எடுத்துவிட்டார்கள். பாட்டு முடிந்ததும் மண்டபமே ஒருத்தருக்கொருத்தர் கைகுலுக்கி வாழ்த்துச் சொல்லிக்கொண்டது. எனக்கும் நாலைந்து பேர் சொன்னார்கள்.

ஞாயிறு மத்தியானம், மெய்யான பாரையும் பார்த்துவிட வேண்டும் என்றான். கூட்டிப் போனேன். சுவரில் டி.வி., சத்தமில்லாமல் பாட்டுச் சேனல். அவித்த கடலை, சுண்டல், மாங்காய். அடுத்த மேசையில் கைலி கட்டிய ஒருவர், விரலில் மோதிரம், மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். முதலில் சப்ளையரைக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். தட்டல் நிற்கவில்லை, உள்ளங்கை ஒரு சத்தம், விரல் நுனி ஒரு சத்தம், மோதிரம் மூன்றாவது. அப்புறம் கண்ணை மூடிப் பாடினார். வேலை போனது, அண்ணன் வீட்டை எழுதி வாங்கிக்கொண்டது, மாமியார் கொடுத்த மிக்சி ரிப்பேரானது எல்லாம் எதுகை மோனையோடு வந்தன. இந்தக் கானாதான் 2006-இல் கானா உலகநாதனோடு சித்திரம் பேசுதடிக்குள் போய்த் தமிழ்நாடு முழுக்க ஆடவைத்தது; 2012-இல் வக்கீலான கானா பாலாவோடு அட்டகத்திக்குள் போனது. இங்கே அது புறப்பட்ட இடத்திலேயே மேசை மேல் கிடந்தது. சப்ளையர் பையன் சுண்டல் தட்டைத் தாளத்துக்கு வைத்துவிட்டுப் போனான்.

"இதுக்குக் கவர் சார்ஜ் எவ்ளோ மாமா?" என்று கிசுகிசுத்தான் அக்கா பையன்.

கண்ணை மூடியிருந்தவருக்குக் காது திறந்துதான் இருந்தது. "ஒரு டபுள் ஆம்லெட் சொல்லு தம்பி. வெங்காயம் தூக்கலா."

ஆம்லெட்டோடு பேச்சும் வந்தது. இதெல்லாம் சும்மா வார்ம்–அப்பாம். முழுக் கச்சேரி கேட்க வேண்டுமென்றால் சாவு வீட்டுக்கு வர வேண்டுமாம். பந்தல், டேப், டோலக், ராத்திரி பத்திலிருந்து விடிய விடிய. போனவர் பிறந்தது முதல் படுத்தது வரை பாட்டிலேயே வருமாம். கேட்கிறவர்களுக்குக் குறைவில்லாமல் எல்லாம் ஊற்றிக் கொடுப்பார்களாம். யோசித்துப் பார்த்தால், எங்கள் பக்கத்தில் பாரும் பேண்டும் ஒரே கூரையின் கீழ் மனசாரச் சேருகிற இடம் அது ஒன்றுதான். கப்பிள் என்ட்ரி தொந்தரவும் இல்லை.

"யாராவது போனா சொல்லி அனுப்பறேன் தம்பி, நம்பர் குடு" என்றார். இவனும் கொடுத்துவிட்டான். வீட்டில் வந்து அதைப் பெருமையாகச் சொல்ல, அவன் அத்தை, "நாளும் கிழமையுமா வாயில நல்ல வார்த்தை வருதா பாரு!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அடுத்த தெருப் பெரியவருக்கு ஒரு வாரமாக உடம்பு சரியில்லை என்பதை நான் வாய்திறக்கவில்லை.

ராத்திரி அம்மன் கோயில் திருவிழா. காலண்டரில் ஆடி முடிந்தாலும் எங்கள் பக்கத்து அம்மன்களுக்கு முடியாது. ஒவ்வொரு தெருவாக ஆவணிக்குள் நீண்டுகொண்டே போகும். காலையில் கூழ், சாயங்காலம் தீச்சட்டி, ராத்திரி ரோட்டை அடைத்து மேடை. மேடையில் அதே பேட்காரர், அதே சஃபாரி. இன்றைக்கு உறுமி அம்மனுக்கு. சித்தப்பா ஆடிய அதே ஆட்டத்தைச் சாமி வந்த ஒரு அம்மாள் ஆடினார். அவர் டிக்கிப் பக்கம் போகவில்லை, வேப்பிலை மட்டும்தான். பையன் இதை இலவசமாகவா கேட்கிறோம் என்று ஆச்சரியப்பட்டான். திருவிழா வசூலுக்கு நான் எழுதிய தொகையை அவனிடம் சொல்லவில்லை.

பத்து மணிக்கு இந்த மாநிலத்தில் ரெண்டு விஷயம் ஒன்றாக அடங்கும்: டாஸ்மாக் ஷட்டர், கோயில் ஸ்பீக்கர். ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. வருஷத்துக்கு அதிகபட்சம் 15 நாள், அரசு மனசு வைத்தால் நள்ளிரவு வரை ஓட்டலாம் என்று விதியில் ஒரு சந்து வைத்திருக்கிறார்கள்தான். எங்கள் தெரு அம்மனுக்கு அந்த அளவு செல்வாக்கு போதாது. டி.எம்.எஸ். குரல் ரெண்டாவது சரணத்தை எடுத்த சமயத்தில் மைக் செத்தது. அவர் வாய் மட்டும் இன்னும் ஒரு வரி அசைந்தது.

கரையான்சாவடி முனைக்கு நடந்தோம். தள்ளுவண்டி டிபன் கடையில் ஏற்கெனவே ஷட்டர் இறங்கிய கூட்டம் நின்றுகொண்டிருந்தது. நடுவில் மத்தியானம் பார்த்த மோதிரக்காரர். பின்னாலேயே ஆர்கெஸ்ட்ரா வேனும் வந்து நின்றது. சஃபாரி சூட், கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு நாலு இட்லி வாங்கினார்.

"அண்ணே, அந்த ரெண்டாவது சரணம் பாதில நிக்குதுண்ணே" என்றார் மோதிரம். "ராத்திரி தூக்கம் வராது."

"ரூல்ஸ் ஸ்பீக்கருக்குத்தானே?" என்று அக்கா பையன் எடுத்துக் கொடுத்தான்.

பாடகர் தட்டை வண்டி விளிம்பில் வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். மோதிரம் வண்டியின் தகரத்தில் விழுந்தது. பேட்காரர் மட்டும் தலை நிமிராமல் சாப்பிட்டார். அவருக்கு டியூட்டி முடிந்துவிட்டது. ரெண்டு வரி போயிருக்கும், ரோந்து ஜீப் வந்து பக்கத்தில் நின்றது. பாட்டு நின்றது. எஸ்.ஐ. எட்டிப் பார்த்தார்.

"என்னய்யா, பத்து மணிக்கு மேல கச்சேரியா?"

"கச்சேரி அப்பவே முடிஞ்சிடுச்சு சார்" என்றார் கடைக்காரர். "இது இட்லி."

எஸ்.ஐ. கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். பாடகரையும், அவர் ஆறவிட்ட தட்டையும் பார்த்தார்.

"ஆறு இட்லி பார்சல். சட்னி கட்டி முடிக்கறதுக்குள்ள அந்தச் சரணத்த முடிச்சிடச் சொல்லு."