சோதித்தார்கள் சரி, எதை?

கேள்வி: என் மகள் வாங்கும் சீரத்தில் '20% வைட்டமின் சி, ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது' என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: சோதிக்கப்பட்டது என்றுதானே போட்டிருக்கிறது? பாஸா, ஃபெயிலா என்று இல்லையே! பாட்டிலுக்குள் சொன்ன அளவு இருக்கிறதா என்பது ஒரு சோதனை. எச்.பி.எல்.சி. என்ற கருவி உள்ளே இருக்கும் சரக்கைத் தனித்தனியாகப் பிரித்துக் கணக்குச் சொல்லிவிடும். ஆனால் அது இன்றைய கணக்கு. வைட்டமின் சி காற்றும் வெளிச்சமும் பட்டால் கெட்டுப்போகிற ஜாதி. அதனால், ஒழுங்கான கம்பெனிகள் மாதக்கணக்கில் 40 டிகிரி சூட்டில் வைத்து மறுபடி அளக்கும். (நம் ஊர் சித்திரை மாதம் இதை இலவசமாகவே செய்துதருகிறது.)

தோலுக்குள் இறங்குகிறதா என்பது வேறு விவகாரம். அதற்கு ஃப்ரான்ஸ் செல் என்று ஒரு சின்னக் கண்ணாடிக் குடுவை. நடுவே, பல நேரங்களில் பன்றிக் காதின் தோலை விரித்து வைப்பார்கள். மேலே சீரம், கீழே திரவம். அவ்வப்போது கீழிருந்து கொஞ்சம் உறிஞ்சியெடுத்து, எவ்வளவு வந்து சேர்ந்தது என்று பார்ப்பார்கள்.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஷெல்டன் பின்னெல் குழு 2001இல் பன்றித் தோலில் ஆராய்ந்து சொன்னது: சுத்தமான வைட்டமின் சி உள்ளே போக, சீரத்தின் பி.எச். (அமிலத்தன்மையின் அளவு) 3.5க்குக் கீழே இருக்க வேண்டும்; 20 சதவீதத்துக்கு மேல் ஏற்றிப் பயனில்லை. ஆக, 30% என்று கூடுதல் விலைக்கு விற்றால், அந்தக் கூடுதல் பத்து சதவீதம் தலையணை உறைக்கு!

வாங்கும்போது தண்ணீராக இருந்த சீரம் இப்போது டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கிறதா? ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டாம், குப்பைத்தொட்டி போதும்.