வால்வைக் கழட்டின வள்ளல்

வா மாப்ள, திண்ணையில உக்காரு. ஊட்டியில வேலை, சொந்தமாக் காரு, நல்லாத்தான் இருக்குது. ஆனா மார்கழிக் குளிர்ல ஹீட்டரைப் போட்டா ஐஸ்காத்து ஊதுதுன்னு அழுவறயாமே?

போன சித்திரையில இங்க மேட்டுப்பாளையத்துல சூட்டு முள்ளு ஏறுதுன்னு மெக்கானிக்குகிட்ட உட்டே. ரேடியேட்டர்ல சகதி அடைச்சுக் கெடந்துது. அதையக் கழுவறது கஷ்டமல்ல? தெர்மோஸ்டாட் வால்வைக் கழட்டிக் கையில குடுத்து, "நம்மூரு வெயிலுக்கு இது எதுக்குங்"னான். நீயும் காசு குடுத்துக் கும்புட்டுப்போட்டு வந்தே. சில இன்ஜின்ல அந்த வால்வோட அடித்தட்டுத்தான் பைபாஸ் வழியை அடைக்கும். அதையக் கழட்டுனா பாதித் தண்ணி ரேடியேட்டருக்கே போவாம சுத்தி வந்து, வெயில்ல இன்னும் சூடாவும். இதையச் சொன்னா அவன் உன்ற மாமனுக்கு வயசாயிருச்சும்பான்.

அந்த வால்வுக்குள்ள இருக்கறது வெறும் மெழுகுதான். மேல 82, 88னு நம்பர் பொறிச்சிருப்பாங்க. அந்தச் சூடு வந்தா மெழுகு உருகி உப்பி, ஊசியைத் தள்ளி, வழி தொறக்க ஆரம்பிக்கும். அதுவரைக்கும் தண்ணி ரேடியேட்டர் பக்கம் எட்டிப் பாக்காது. உன்ற இன்ஜினோ, உறைபனி உழற விடியக்காலத்துலயும் சாவியைத் திருப்புன நிமிசமே ரேடியேட்டர்ல போயிக் குளிச்சுட்டு வருது! இன்ஜின் இன்னும் சூடாவலைன்னு கம்ப்யூட்டர் பெட்ரோலை எச்சா ஊத்துது. எரியாத மிச்சம் ஆயில்ல எறங்குது. பங்க்குப் பையன் உன்னையக் கண்டா சல்யூட் அடிக்கறது உன்ற மரியாதைக்குன்னு நெனச்சுட்டிருக்கறே.

மஞ்ச லைட்டு வேற எரிஞ்சுதாமே? ஸ்கேனர் போட்டிருந்தா பி0128னு வந்திருக்கும். சூடு பத்தலைன்னு காரே புகார் குடுக்குது. நீ லைட்டு மேல முருகன் ஸ்டிக்கர் ஒட்டிட்டே. கெட்டிக்காரன்.

இப்பப் புது வால்வு 95 நம்பர்ல போட்டா சீக்கிரம் சூடாவும்கறே. ஆவாது சாமி. மூடியிருக்கற வரைக்கும் 82லயும் 95லயும் ஒரே வேகத்துலதான் ஏறும். கடைசியில சூடு எங்க நிக்கோணும்கறதைத்தான் நம்பர் மாத்தும். 95னா ரேடியேட்டர் பேன் சுத்தற சூட்டுக்குப் பக்கத்துலயே போயிரும். கோயமுத்தூரு டிராபிக்ல பேன் மூச்சு உடாம சுத்தோணும். கார்ப் புஸ்தகத்துல என்ன நம்பர் போட்டிருக்குதோ அதைய வாங்கு. இன்ஜினை வடிவமைச்சவனுக்கும் கொஞ்சம் வெவரம் இருக்கும்னு நம்பு.

காத்து அடைக்காம இருக்க வால்வுல ட்ரில் போட்டு ஓட்டை உடலாம்னு உன்ற சிநேகிதன் சொன்னானல்ல? நெறைய வால்வுல காத்துக்குன்னே ஒரு பொடி ஓட்டையும் அதுல ஆடற ஊசியும் இருக்கும். அது மேல் பக்கம் வரட்டும், மெழுகுக் குப்பி இன்ஜின் பக்கம் இருக்கட்டும், கேஸ்கெட் புதுசாப் போடு. உங்க ட்ரில் ஓட்டை ராப்பகலா ஒழுகிட்டே இருக்கும். குளிருக்கு அது பாதி கழட்டுன மாதிரி. கூலன்ட்டையும் பச்சத் தண்ணி கலந்து சிக்கனம் பண்ணாம, டப்பாவுல சொன்ன அளவுக்கு ஊத்து.

பூட்டறதுக்கு முன்னால வால்வைச் சுடுதண்ணியில போட்டுத் தொறக்குதான்னு பாக்கோணும். ஊட்டி அடுப்புல மட்டும் பாக்காதே. அங்க 2,240 மீட்டர் ஒசரம். 93 டிகிரிக்குள்ளயே தண்ணி கொதிச்சுரும். 88ல தொறக்க ஆரம்பிக்கற வால்வு முழுசா வாயைத் தொறக்க இன்னும் பத்துப் பதினஞ்சு டிகிரி வேணும். நீ அரைவாய் தொறந்ததைப் பாத்துட்டு, டூப்ளிகேட்டுன்னு கடைக்காரன் சட்டையப் புடிப்பே. இங்கயே பாரு, 99க்காச்சும் ஏறும். ஆனா உன்ற அத்தை கொழம்பு வெக்கற சட்டியில போட்டீன்னா, பஞ்சாயத்துக்கு என்னையக் கூப்புடாதே.