கரியர் இல்லாத பாரிஸ்

பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வந்து கொலன்னாவையில் எங்கள் வீட்டில் நிற்கும் பெறாமகன், வந்த நாளிலிருந்து ஒரே பல்லவி பாடுகிறான்: "சித்தப்பா, பாரிஸைச் சைக்கிள்ல சுத்திப் பாக்காட்டி நீங்க பாரிஸ் பாக்கேல்லை." இடியப்பத்தைச் சொதியில் குழைத்தபடி சொல்கிறான். சொல்லிவிட்டுக் கையைக் கழுவி, சந்திக் கடையில் றோல்ஸ் வாங்க த்ரீவீல் பிடிக்கிறான். சைக்கிள் முற்றத்தில் நிற்கிறதே என்றால், "இங்க ஓடேலாது சித்தப்பா, பஸ்காரர் அடிச்சுப்போடுவாங்கள்" என்கிறான். அதில் பொய்யும் இல்லை. அதனால்தான் எரிச்சல் இன்னும் கூடுகிறது.

நான் பாரிஸ் போகாதவன் இல்லை. போன வருடக் கோடையில், எங்கள் ஆட்கள் போகிற மாதிரியே போனேன். லாக்கூர்னேவில் ஒரு வீட்டில் தேத்தண்ணி, அங்கிருந்து எழும்பி இன்னொரு வீட்டில் தேத்தண்ணி. லாச்சப்பலில் முருங்கைக்காய், மாணிக்க விநாயகருக்கு ஒரு அர்ச்சனை, ஈபிள் கோபுரத்துக்கு முன்னால் குடும்பமாக ஒரு படம். அந்தப் படத்தில் எனக்குக் கண் மூடியிருந்தது. பாரிஸில் எந்தெந்த வீட்டுச் செற்றி மெத்தென்று இருக்கும் என்று கேளுங்கள், சொல்கிறேன். பாலங்களைப் பற்றிக் கேட்காதீர்கள்.

இதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் பெறாமகன் என்னை ஒரு சைக்கிள் சுற்றுலாவில் சேர்த்துவிட்டான். காசு கட்டி. ஈரோவை ரூபாவால் பெருக்கக்கூடாது என்று வந்திறங்கிய அன்றே சத்தியம் வாங்கியிருந்தார்கள். பெருக்கினேன். வெயிலில் சைக்கிள் உழக்குவதற்கு எங்களுக்கு யாராவது காசு தர வேண்டுமே தவிர, நாங்கள் கொடுத்துவிட்டு உழக்குவது எந்த ஊர் நியாயம்?

அந்தச் சுற்றுலாவிலிருந்து, பாரிஸுக்குப் போகவிருக்கும் எங்கள் ஆட்களுக்குப் பயன்படக்கூடிய மூன்று விசயங்கள் கண்டேன். அவற்றைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முதல் ஒன்று. அந்தச் சைக்கிளில் கரியர் இல்லை.

வாடகைச் சைக்கிளில் மட்டும் என்றால் விட்டுவிடலாம். 2007இலிருந்து தெருத்தெருவாக நிற்கிற வெலிப் சைக்கிளிலும், பச்சையானாலும் சரி, கரண்டில் ஓடுகிற நீலமானாலும் சரி, பின்னால் கரியர் கிடையாது. முன்னால் ஒரு கூடை. ஒரு நீட்டுப் பாணும் ஒரு கைப்பையும் வைக்கலாம். சைக்கிள் பழுதென்றால் சீற்றைப் பின்பக்கமாகத் திருப்பிவிட்டுப் போகிறார்கள், அடுத்து வருகிறவர் கண்டு விலகிக்கொள்ளட்டும் என்று. நல்ல பழக்கம். ஆனால் சீற்றை அவ்வளவு கவனமாகத் திருப்புகிறவர்கள் அதற்குப் பின்னால் ஒரு வெறுமை இருப்பதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பெடல் வைத்த சைக்கிளை 1860களில் உலகத்துக்குக் காட்டியதே பாரிஸில் மிஷோ என்பவரின் பட்டறைதான். 1903இல் அதை நாடு முழுக்க ஓடவிட்டுப் போட்டியும் வைத்தார்கள். இவ்வளவு காலம் சைக்கிளோடு சீவித்தவர்கள், பின்னால் ஒரு ஆள் இருந்தால் என்ன என்று ஒருதரம் யோசித்திருக்கலாம்.

கரியரில் என்ன போகும் என்று தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களிடம் கேட்க வேண்டும். பெற்றோலுக்குத் தடை. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடின. றலியும் லுமாலாவும்தான் லொறி, வான், அம்புலன்ஸ் எல்லாம். கரியரில் விறகு போனது. நெல் மூட்டை போனது. வாழைக்குலை இரண்டு பக்கமும் தொங்க, நடுவில் குறுக்கே இன்னொன்று போனது. சீமெந்துக்குத் தடை, இல்லாவிட்டால் அதுவும் போயிருக்கும். தையல் மெசின் போனது. ஆட்டுக்குட்டி, சாக்குக்கு வெளியே முகத்தை மட்டும் நீட்டி, வழியில் உள்ள கதியால் எல்லாவற்றையும் ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டு போனது. அம்மம்மா ஆஸ்பத்திரிக்குப் போனா. ஒருபக்கமாக இருந்து, ஒரு கையால் சீற்றைப் பிடித்து, மற்றக் கையில் மருந்துப் போத்தல், வாயில் தேவாரம், தேவாரத்துக்கு நடுவில் "பள்ளம் பாத்து ஓடு தம்பி". தங்கச்சி ரியூசனுக்குப் போனாள். கலியாண வீட்டுக்குப் பலகாரப் பெட்டி போனது, பலகாரப் பெட்டியைப் பிடிக்கிற மாமியும் போனா. பாரில் ஒரு பிள்ளை, கரியரில் மனைவி, மனைவியின் மடியில் மற்றப் பிள்ளை, ஹாண்டிலில் மரக்கறிப் பை என்று முழுக் குடும்பமும் நல்லூர்த் திருவிழாவுக்குப் போய், அதே ஒழுங்கில் திரும்பியும் வந்தது. யாரும் இதைச் சுற்றுலா என்று சொல்லவில்லை.

இரவில் அதே சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுழற்றி, டைனமோவில் றேடியோ கேட்டோம். சுழற்றுகிறவனுக்குக் கை ஓய்ந்தால் பிபிசி தமிழோசைக்கும் தொண்டை அடைத்துவிடும். செய்தி முடிகிற நேரமாகப் பார்த்து "இப்ப நீ சுத்து" என்று கைமாற்றுகிறவன் எல்லா ஊரிலும் இருந்தான். இப்போது அவன் கனடாவில் வீடு வாங்கி விற்கிறான்.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் எழும்பித் தென்மராட்சிக்குப் போனபோது, நாவற்குழிப் பாலத்தில் சைக்கிள் ஓட இடமில்லை, உருட்டத்தான் முடிந்தது. எங்கள் கரியரில் அரிசிப் பானை, காணி உறுதி, இரண்டு பாய், தங்கச்சியின் பள்ளிக்கூடப் பை. மழை வேறு. அந்த இரவுக்குப் பிறகு கரியர் இல்லாத சைக்கிளை நான் சைக்கிள் என்று ஒத்துக்கொள்வதில்லை.

ஆகவே பாரிஸில் அந்த வழிகாட்டிப் பிள்ளை எனக்கு ஹெல்மெற்றை இறுக்கிவிட்டு, "இன்றைக்கு நாங்கள் இந்த நகரத்தைக் கண்டுபிடிக்கப் போகிறோம்" என்று ஆங்கிலத்தில் அறிவித்ததும், எனக்குப் பின்னால் யார் ஏறப்போகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் ஏறவில்லை. ஆளுக்கொரு சைக்கிள்! புருசனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, கூட வந்த பத்து வயதுப் பொடியனுக்கும் ஒன்று. இவ்வளவு ஊதாரித்தனத்தை நான் லாச்சப்பல் நகைக்கடையிலும் காணவில்லை.

நகரம் வடிவுதான். அதைக் குறை சொன்னால் வாய் அழுகும். காருக்கென்று சேன் ஆற்றின் வலக்கரையில் போட்ட வேகப் பாதையை 2016இல் காருக்கு மூடிவிட்டார்கள். றிவோலித் தெருவின் பெரும்பகுதியை 2020இல் சைக்கிளுக்குக் கொடுத்துவிட்டார்கள். 2019இல் எரிந்த நொத்ர்தாம் கோவில், 2024 டிசம்பரில் திறந்த பிறகு புதுச் சுண்ணாம்பு அடித்த வீடுபோல வெளிச்சமாக இருந்தது. கல்லுப் பதித்த தெருக்களில் மட்டும் என் கட்டுப்பல் தனியாக ஒரு சுற்றுலா போனது. 1923இல் சேனில் குளிப்பதைத் தடை செய்தவர்கள் 2025 யூலையில் திரும்ப விட்டிருக்கிறார்கள். மரி பாலத்தடியில் சனம் நீந்திக்கொண்டிருந்தது. எல்லோரும் பிறேக் பிடித்து நின்று படம் எடுத்தார்கள். "உங்கள் ஊரில் ஆறு இருக்கிறதா?" என்று பக்கத்தில் நின்ற மனுசி அன்பாகத்தான் கேட்டா.

இருக்கிறது, அம்மா. 2016 மே மாதம் நாங்கள் களனி ஆற்றைப் பார்க்கப் போகவில்லை. அது கொலன்னாவைக்கு வந்து எங்களைப் பார்த்தது. குசினி, சாமியறை, அலுமாரியின் கீழ்த்தட்டு எல்லாவற்றையும் ஆறுதலாகச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் போனது. வழிகாட்டிக்குக் காசும் கொடுக்கவில்லை. இதையெல்லாம் ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு மூச்சு இல்லை. "யெஸ், பிக் ரிவர்" என்றேன்.

இரண்டாவது விசயம் அந்தப் பாலத்தடியில்தான் நடந்தது. ஆனால் அதைச் சொல்வதற்கு 2022ஐச் சொல்லியாக வேண்டும். நாட்டுக்கே எண்ணெய் நிரப்பி வைக்கிற பெரிய தாங்கிகள் எங்கள் கொலன்னாவையில்தான் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துப் பார்த்தே நாங்கள் பல் விளக்குகிறோம். அந்த யூன் கடைசியில், அத்தியாவசிய சேவைகளைத் தவிர வேறு யாருக்கும் எரிபொருள் இல்லை என்று அரசாங்கம் கையை விரித்தது. பாட்டா பரம்பரையாகச் சைக்கிள் ஓடியதை மறைத்து வைத்திருந்த வெள்ளவத்தைக் கார்க்காரர்கூடக் காலி வீதியில் உழக்கினார்கள். கொட்டாஞ்சேனையில் ஒட்டுப் போடுகிறவரிடம் வரிசை. நானும் ஒரு சைக்கிள் வாங்கப் போனேன். விலையைக் கேட்டுவிட்டு, இருக்க ஒரு கதிரை கேட்டேன். கியர் இருபத்தொன்று. மட்காட் இல்லை, ஸ்ராண்ட் இல்லை, பெல் இல்லை. கரியரும் இல்லை.

"கரியர் போட்டா லுக் போயிடும் அங்கிள்" என்றான் கடைப் பெடியன்.

லுக்கில் காஸ் சிலிண்டரைக் கட்ட முடியுமா என்று கேட்டேன். அந்த வருடம் காஸ் வந்திருக்கிறதென்று கேள்விப்பட்டால் போதும், வெறும் சிலிண்டரோடு ஓட வேண்டும். அவன் என்னை விட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போனான். சைக்கிளை வாங்கி, தெமட்டகொடையில் ஒட்டு வேலை செய்கிற ஒருவரிடம் கொண்டுபோய், கம்பியை வளைத்து ஒரு கரியர் ஒட்டுவித்தேன். இருபத்தொரு கியரில் மூன்று அதோடு வேலை செய்யாமல் போய்விட்டது. மிச்சம் பதினெட்டு இருக்கிறதே, யாழ்ப்பாணத்தில் ஒன்றுகூட இல்லாமல் ஓடவில்லையா?

கரியர் இன்னும் உறுதியாக இருக்கிறது. சிலிண்டர் ஏறியிருக்கிறது, அரிசி மூட்டை ஏறியிருக்கிறது, ஒருமுறை பக்கத்து வீட்டாரின் பழுதான மின்விசிறியும் ஏறியிருக்கிறது. ஆள்தான் ஏறவில்லை. போன ஞாயிறு வெல்லம்பிட்டிப் பக்கம் ஆற்றங்கரை வரைக்கும் போய் வருவோம், ஏறும் என்று மனைவியைக் கேட்டேன்.

மனைவி கரியரைப் பார்த்தா, பிறகு என் முழங்காலைப் பார்த்தா.

"நீங்க பின்னால ஏறுங்கோ, நான் ஓடுறன்."